எதிர்ப் பக்கத்து ஜெர்சி

பழவேற்காடு,
10-2-2025, திங்கள்.

அஜித்குமார் அவர்களுக்கு,

அவர்களுக்குன்னு எழுதும்போது எனக்கே கை கூசுது. ஆனா 'டேய்'னு ஆரம்பிச்சா அதுக்கப்புறம் இன்னா வரும்னு எனக்கே தெரியாது. போன்ல உன்னை ப்ளாக் பண்ணிட்டேன். உன் குரலைக் கேட்டா கெட்ட வார்த்தைதான் வரும், பக்கத்துல உம்மா இருக்காங்க. அதான் லெட்டர். உன் ஹாஸ்டல் அட்ரஸை உங்கம்மாகிட்ட வாங்கினேன். அவங்களுக்கே நேத்து நீ போன் பண்ணி அழுத பிறகுதான் விஷயம் தெரியுமாம். பெத்தவங்ககிட்டயும் மறைச்சிருக்க, சபாஷ்.

நேத்து பொன்னேரி பேஸ்கட்பால் கிரவுண்டுல நான் பார்த்தது நிஜம்தானான்னு இன்னும் சந்தேகமா இருக்கு. முட்டி வலிக்கு சென்னைல வைத்தியம், பத்து நாள்ல வந்துடுவேன், டோர்னமென்ட்டுக்கு நேரா கிரவுண்டுக்கே வந்து சேர்ந்துக்கறேன்னு சொன்னே. நேராத்தான் வந்தே. கம்பெனி பஸ்ல வந்தே.

ராகுல்தான் முதல்ல பார்த்தான். "கேப்டன், அந்தப் பக்கம் பாரு, அச்சு அசலா நம்ம அஜித் மாதிரியே ஒருத்தன் அவனுங்க டீம்ல இருக்கான்"னான். நான் சிரிச்சேன்டா. "அப்ப அவனுக்கும் ப்ரீ த்ரோ போட வராது, விடு"ன்னேன். அப்புறம் நீ திரும்பினே. நீல ஜெர்சி, ஏழாம் நம்பர். நம்ம டீம்ல நீ போட்ட அதே ஏழு. கையில இருந்த பந்தைக் கீழ விட்டுட்டேன். சுஹைல் என் தோளைப் புடிச்சிக்கினு "இன்னாடா இது, இன்னாடா இது"ன்னு அதையே சொல்லிக்கினு இருந்தான்.

நெய்தல் கார்கோ கம்பெனி டீம்! வருஷத்துக்கு ஒரு ஊர்ல ஒரு ஆளைத் தூக்கிக்கினு போறவனுங்கன்னு நாமதானேடா அவனுங்களைத் திட்டுவோம்? நாலு வருஷமா அவனுங்ககிட்ட தோத்துட்டு வேன்ல வரும்போது, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு முதல்ல சொல்றவன் நீதானே?

இன்னொண்ணு சொல்றேன், இதை நீ தெரிஞ்சிக்கணும். உங்க நைனாவை நாங்க ஷேர் ஆட்டோ வச்சு கூட்டிக்கினு வந்திருந்தோம். வாதம் வந்ததுலருந்து மனுஷன் வீட்டு வாசலைத் தாண்டல, மகன் ஆட்டத்தைப் பார்க்கட்டும்னு நான்தான் சொன்னேன். பிளாஸ்டிக் சேர்ல உட்கார வச்சோம். மைக்ல "நெய்தல் கார்கோ, நம்பர் ஏழு, அஜித்குமார்"னான். உன் பேர் மட்டும்தான் அவர் காதுல விழுந்துச்சு. நல்லா இருக்கற கையால தொடையைத் தட்டித் தட்டி சந்தோஷப்பட்டார்டா. எந்தப் பக்கம்னு பார்க்கல. நாங்க அஞ்சு பேரும் தலையைக் குனிஞ்சிக்கினு நின்னோம்.

எழுபத்தொண்ணுக்கு நாப்பத்தெட்டு. அதுல இருபத்தாறு உன்னுது. வாழ்த்துக்கள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஒரே ஒரு வார்த்தை. ஏன்டா சொல்லல?

அர்ஷத்


மணலி, கம்பெனி ஹாஸ்டல்,
15-2-2025.

அன்பு அர்ஷத்துக்கு,

உன் லெட்டரை நாலு தடவை படிச்சேன். திட்டு, எல்லாம் சரிதான். எங்க நைனா தொடையைத் தட்டினார்னு எழுதினியே, அதை மட்டும் எழுதாம விட்டிருக்கலாம். மூணு நாளா சோறு எறங்கல. அம்மா அதைச் சொல்லவே இல்ல. "போடா, நல்லா இருடா"ன்னு மட்டும் சொல்லிட்டு போனை வச்சிட்டாங்க.

உம்மா எப்படி இருக்காங்க? கால் வீக்கம் தேவலையா? நான் கேட்டேன்னு சொல்லு. சொல்ல மாட்ட, தெரியும். இருந்தாலும் எழுதறேன்.

உன்கிட்ட சாக்கு சொல்ல எனக்குத் தெரியாது. கையெழுத்து ஆகற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்க, அது உண்மை. ஆனா அதுக்காக நான் சொல்லாம இருக்கல. எங்க நைனா வைத்தியத்துக்காகப் போனேன்னு ஊர்ல யாரோ பேசிக்கறாங்களாம், அம்மா சொன்னாங்க. அப்படி நினைச்சு என்னை நல்லவனாக்க வேணாம். எனக்கு ஜெயிக்கணும்டா. எனக்கு இருபத்தஞ்சு வயசாவுது. சுனாமிக்கு அப்புறம் கட்டிக் குடுத்த அந்த சிமென்ட் கோர்ட்ல, வெடிப்புல பந்து பட்டு எந்தப் பக்கம் போகும்னு பார்த்துப் பார்த்தே ஆடிட்டோம். இங்க மரத் தரைடா. பந்து விட்ட இடத்துலருந்து நேரா கைக்கு வருது. முதல் நாள் பிராக்டிஸ்ல எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பேராசைன்னா பேராசைதான்.

அந்த ஏழாம் நம்பரை நான் கேக்கல. அவங்களே குடுத்தாங்க. வேணாம்னு சொல்லியிருக்கணும்.

முட்டி வைத்தியம்னு பொய் சொன்னது தப்பு. உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேக்கறேன். சுஹைல்கிட்டயும் ராகுல்கிட்டயும் சொல்லு. ஆனா ஏன் உன்கிட்ட மட்டுமாவது சொல்லலன்னு கேக்கறியே, அதை மட்டும் கேக்காத அர்ஷத். வேற எது வேணா கேளு.

ப்ளாக்கை எடுக்க வேணாம். லெட்டராவது போடு.

உன்
அஜித்து


பழவேற்காடு,
20-2-2025, வியாழன்.

அஜித்து,

உன் மன்னிப்பை சுஹைல்கிட்ட படிச்சுக் காட்டினேன். கடல்ல போடுன்னான். ராகுல் எழுந்து போய் தனியா பந்தை போர்டுல அடிச்சிக்கினு இருந்தான்.

இது சண்டை போடற லெட்டர் இல்ல. விஷயம் பெரிசாயிடுச்சு. நேத்து உங்க குப்பத்துலருந்து ரெண்டு பேர் என் கடைக்கு வந்தாங்க. வர்ற மார்ச் ரெண்டாம் தேதி ஞாயித்துக்கிழமை ஊர்க் கூட்டமாம். ஏரியில உனக்கு இருக்கற பாட்டைப் பத்திப் பேசப் போறாங்க. என்னை வந்து சொல்லச் சொல்றாங்க.

நான் கடைக்காரன் மகன், ஏரிச் சட்டம் எனக்கு அரைகுறைதான். நைனாகிட்ட போய்க் கேட்டேன். திக்கித் திக்கிச் சொன்னார். ஏரியில எந்த நாள் எந்த இடத்துல யார் வலை கட்டணும்னு சீட்டு எடுத்து முறை வச்சிருக்கீங்க, அதான் பாடு. உடம்பு சரியில்ல, வர முடியாதுன்னா, முந்தின நாள் பொழுது சாயறதுக்குள்ள கூட்டாளிகிட்ட சொல்லிட்டா போதும். முறை அவனுக்கே இருக்கும், மத்தவங்க அவனுக்காக வலை கட்டி அவன் பங்கை வீட்டுல குடுத்துடுவாங்க. சொல்லாம நின்னுட்டா முறை போச்சு. சீட்டுலருந்தே பேரை எடுத்துடுவாங்க.

உனக்கு மூணு வருஷமா ஊரே உன் பாட்டை ஓட்டிக் குடுத்துச்சு, நீ ஊர் பேரைப் போட்டுக்கினு ஆடறேன்னு. ஆட்டத்துக்குப் போறப்போ கேப்டன்கிட்ட சொன்னா அது கூட்டாளிகிட்ட சொன்ன மாதிரின்னு கூட்டத்துல முடிவு பண்ணாங்களே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு நீயும் நானும் எவ்வளவு பெருமையா வெளிய வந்தோம்! வேற சாதி, வேற மதம், ஏரியில ஒரு முழம் வலை கூட இல்லாதவன், ஆனா என் வார்த்தைக்கு உங்க குப்பத்துல மதிப்பு இருந்துச்சு.

இப்ப அதேதான் கேக்கறாங்க. அவன் கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடி அதை உன்கிட்ட சொன்னானா, இல்லையா? முட்டி வைத்தியம்னு சொன்ன பொய் கணக்குல சேராதாம். சொன்னான்னா, வேலைக்குப் போயிருக்கான், வரட்டும்னு விட்டுடுவாங்க. சொல்லலன்னா பேரை எடுத்துடுவாங்க. அப்புறம் ஏரியில உனக்கு ஒண்ணும் கிடையாது. நைனாவுக்கும் அம்மாவுக்கும் கிடையாது. கம்பெனிக்காரன் ரெண்டு வருஷத்துக்குத்தான் கையெழுத்து வாங்கியிருக்கான்னு அம்மா சொன்னாங்க. முட்டி நிஜமாவே போச்சுன்னா இன்னாடா பண்ணுவே?

உங்கம்மா வீட்டுக்கே வந்துட்டாங்க. "அர்ஷத்து, சொன்னான்னு ஒரு வார்த்தை சொல்லிடுப்பா"ன்னு உம்மா முன்னாடி என் கையைப் புடிச்சாங்க. நான் கையை உருவிக்கினு உள்ள போயிட்டேன். நீ சொல்லலியேடா! சொல்லாததை நான் எப்படி சொன்னதா சொல்வேன்? நான் ஏன் உனக்காகப் பொய் சொல்லணும்?

கேக்காதன்னு எழுதினே. கேக்கறேன். ஏன் சொல்லல? ஒரு காரணம் சொல்லு, நியாயமா இருந்தா பார்க்கறேன். இல்லன்னா அன்னைக்கு எழுந்து நின்னு, சொல்லலன்னுதான் சொல்வேன். சத்தியமா.

அர்ஷத்


மணலி,
24-2-2025.

அன்பு அர்ஷத்,

மூணு தாள் எழுதிக் கிழிச்சிட்டேன். இதை நேரடியா எழுதிடறேன். நீ உட்கார்ந்து படி. கடையில வச்சுப் படிக்காத.

ஜனவரியில என்னை டிரயலுக்குக் கூப்பிட்டாங்க. போனேன். ஆட்டம் முடிஞ்சு கோச் என்னை உட்கார வச்சு, ஊர் எதுன்னு கேட்டார். பழவேற்காடுன்னேன். "அட, டிசம்பர்ல உங்க ஊர்லருந்து ஒரு தம்பி தானாவே வந்து ஆடிக் காட்டிட்டுப் போச்சே. நல்ல கை வேலை. உயரம்தான் பத்தல, திருப்பி அனுப்பிட்டோம். அர்ஷத்துன்னு பேரு. தெரியுமா?"ன்னார்.

எனக்கு அப்படியே காது அடைச்சுப் போச்சு. நீ டிசம்பர்ல ஒரு நாள் கண் டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லிட்டுப் போனே. சாயந்திரம் வந்து தலைவலின்னு பிராக்டிஸுக்கு வரல. கண்ணாடி போடச் சொன்னாங்களான்னு நான் கேட்டேன், வேணாம்னுட்டாங்கன்னு சொன்னே.

அந்த கோச்சுகிட்ட நான் தெரியாதுன்னு சொன்னேன். எனக்கு அர்ஷத்துன்னு யாரையும் தெரியாதுன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. நீ வந்தது எனக்குத் தெரியும்னு ஆகிடக்கூடாதுன்னு தோணுச்சு, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் உன்கிட்ட எப்படிடா வந்து சொல்லுவேன்? உன்னை வேணாம்னு அனுப்பின எடத்துல என்னை எடுத்துட்டாங்கன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்லுவேன்? தெரியாத மாதிரி நடிச்சிக்கினு சொல்லலாம்னு ஒரு நாள் உன் கடை வரைக்கும் வந்தேன். நீ எனக்கு சோடா ஒடச்சுக் குடுத்து, இந்த வருஷம் அவனுங்களை வுடக்கூடாதுன்னே. உன் முகத்தைப் பார்த்து நடிக்க முடியல. குடிச்சிட்டுப் போயிட்டேன்.

இதை நான் யார்கிட்டயும் சொல்லல. எங்க நைனாகிட்ட கூட சொல்லல. நீ என்னைக் கேட்டுக்கினே இருந்ததாலதான் சொல்றேன். எனக்கு உன் மேல கோவம் இல்ல. நீ போனது தப்புன்னு நான் நினைக்கல. நானும் போனவன்தானே.

கூட்டத்துல பொய் சொல்லுன்னு கேக்க மாட்டேன். பேரை எடுத்தா எடுக்கட்டும்னு வீராப்பா எழுதவும் முடியல, அங்க நைனாவும் அம்மாவும் இருக்காங்க. உனக்கு எது தோணுதோ அதைச் சொல்லு. நான் எழுதின இந்த விஷயத்தை மட்டும் யார்கிட்டயும் சொல்லாத. அது உன்னோட, என்னோட இருக்கட்டும்.

அஜித்து


பழவேற்காடு,
3-3-2025, திங்கள்.

அஜித்து,

உன் லெட்டர் வெள்ளிக்கிழமை வந்துச்சு. கடையில வச்சுத்தான் படிச்சேன். நீ சொன்னா நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்? படிச்சிட்டு ஷட்டரை எறக்கி உள்ள உட்கார்ந்துட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல. உம்மா ஆள் அனுப்பினப்புறம்தான் வெளிய வந்தேன்.

உனக்குத் தெரியும்டா. ஜனவரியிலருந்து உனக்குத் தெரியும்! அதை வச்சிக்கினு நான் எழுதின திட்டையெல்லாம் வாங்கிக்கினு இருந்திருக்கே. 'தூக்கிக்கினு போறவனுங்க'ன்னு நான் எழுதினதைப் படிச்சப்போ நீ சிரிச்சியா? சிரிச்சிருந்தா கூட எனக்கு இவ்வளவு கேவலமா இருந்திருக்காது.

நேத்து கூட்டம். நேத்துதான் முதல் நோன்பும். சொன்னான்னு சொல்லிடறதுன்னுதான் முடிவு பண்ணிக்கினு போனேன். நீ போனது தெரிஞ்சும் ஊர்கிட்ட மறைச்சிட்டியான்னு என்னை ஏசுவாங்க, ஏசட்டும், ரெண்டு நாள்ல அடங்கிடும்னு கணக்கு போட்டேன். மூணு மணி இருக்கும். எல்லாரும் உட்கார்ந்திருந்தாங்க. சுஹைலும் ராகுலும் எனக்குத் துணைக்குன்னு வந்து பின்னாடி நின்னாங்க. நைனாவை முன்னாடி உட்கார வச்சிருந்தாங்க. தலைவர் கேட்டார், "அர்ஷத்து, நோன்பு புடிச்சிருக்கே, பொய் வராது உன் வாயில. சொன்னானா, சொல்லலியா?"

அப்படிக் கேட்டிருக்க வேணாம் அந்த மனுஷன். சொல்லலன்னேன். கூட்டத்துல சலசலன்னு ஆயிடுச்சு. நைனா என்னைப் பார்த்தார். கோவமா இல்ல. சும்மா பார்த்தார்.

அதுக்கு மேல என்னால நிறுத்த முடியல. இருங்க, முழுசாச் சொல்லிடறேன்னேன். அவனுக்கு முன்னாடி நான் போனேன். டிசம்பர்ல கண் டாக்டர்னு பொய் சொல்லிட்டு அதே கம்பெனிக்குத்தான் நானும் போனேன். யாரும் கூப்பிடல, நானாப் போனேன். என்னை வேணாம்னு அனுப்பிட்டாங்க. அது அவனுக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான், என் மனசு நோகும்னுதான் என்கிட்ட சொல்லல. இதான் நடந்துச்சுன்னேன்.

சுஹைல் என் முன்னாடி வந்து, "நீயுமா?"ன்னான். அவ்வளவுதான். வெளிய போயிட்டான். ராகுலும் பின்னாடியே போயிட்டான். நான் திரும்பிப் பார்க்கல. பார்க்க தைரியம் இல்ல.

யாரோ ஒருத்தர், "அது வேற கதை, அஜித் சொல்லல, அதானே கேள்வி? பேரை எடுங்க"ன்னார். அப்பதான் உங்கம்மா, வெளிய மத்த பொம்பளைங்களோட நின்னவங்க, உள்ள வந்துட்டாங்க. "இன்னா நியாயம் பேசறீங்க? கூட்டாளிகிட்ட சொல்லணும்னுதானே உங்க சட்டம்? அந்தக் கூட்டாளியே படகை விட்டு முதல்ல எறங்கிட்டானே, அப்புறம் எம்புள்ள யார்கிட்டடா போய்ச் சொல்லுவான்?"னு கேட்டாங்க. தலைவர் தாடையைத் தடவிக்கினே, பேர் இருக்கட்டும்னார். வர்ற பத்தாம் தேதி திங்கக்கிழமை உன் முறை. முடிஞ்சா நீயே வந்து வலை கட்டு. ஊர் பார்க்கட்டும்.

எனக்கு தண்டனை கிண்டனை ஒண்ணும் இல்ல. எடுக்கறதுக்கு எனக்கு பாடே கிடையாதே. இனிமே ஆட்டத்துக்குப் போறவங்க சுஹைல்கிட்ட சொன்னா போதும்னுட்டாங்க, அவ்வளவுதான்.

நீ கேட்டதை மீறி வெளிய சொல்லிட்டேன். மன்னிச்சிடு. உனக்காகச் சொன்னேன்னு பெரிசா நினைச்சிடாத. இன்னும் ஒண்ணு இருக்கு, அதைக் கூட்டத்துல சொல்லல, உன்கிட்ட சொல்லிடறேன். பொன்னேரியில உன்னை நீல ஜெர்சியில பார்த்தேனே, நீ எங்களை விட்டுப் போனதுக்காக எனக்கு ஒடம்பு எரியல அஜித்து. உன்னை எடுத்துட்டானுங்களேன்னு எரிஞ்சுச்சு. முதல் லெட்டர்ல நான் எழுதின அத்தனை கோவமும் அதுதான். நைனாவைக் கூட அதுக்காகத்தான் உள்ள இழுத்து எழுதினேன், உனக்கு வலிக்கட்டும்னு. பதினாறு வருஷ சிநேகிதத்துல இப்படி ஒருத்தன் எனக்குள்ள இருக்கான்னு எனக்கே தெரியாது.

நல்லா ஆடு. முட்டியைப் பார்த்துக்கோ.

அர்ஷத்


பழவேற்காடு,
10-3-2025.

அர்ஷத்து,

இதை உங்க வீட்டுல, உம்மா பக்கத்துல உட்கார்ந்து எழுதறேன். உன் கடைக் கணக்கு நோட்டுலதான் தாள் கிழிச்சேன். உன் லெட்டர் எனக்கு போன வியாழக்கிழமைதான் வந்துச்சு. உடனே லீவு கேட்டேன். ஒரு நாள்தான் குடுத்தாங்க. விடியறதுக்குள்ள வந்து சேர்ந்து வலை கட்டினேன். மூணு வருஷம் கழிச்சு கட்டறேன், கை அங்கங்க அறுத்துடுச்சு. ஒருத்தரும் என்கிட்ட பேசல, ஆனா வேலைக்கு ஒத்தாசையா நின்னாங்க. எறா பரவால்லாம விழுந்துச்சு. நைனா கரையில சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். உன் பங்குன்னு ஒரு கூடையை அம்மாவே தனியா எடுத்து வச்சாங்க.

அதைத் தூக்கிக்கினு உன்னைத் தேடித்தான் நேரா வந்தேன். கடை பூட்டியிருந்துச்சு. கோர்ட்டுக்குப் போனேன். ராகுல் மட்டும் இருந்தான். கேப்டன் எங்கடான்னேன். எந்தக் கேப்டன்னு கேட்டான். அவனை அடிக்கக் கை ஓங்கிட்டேன், அப்புறம் எறக்கிட்டேன். என்னை விடவா அவன் உனக்குக் கெடுதல் பண்ணிட்டான்?

உம்மாதான் சொன்னாங்க, நீ புதன்கிழமையே போயிட்டியாம். எதோ வேலைன்னு மட்டும் சொல்றாங்க. எந்த ஊர்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. சொல்லக்கூடாதுன்னு அவங்க தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டியாமே? நோன்பு மாசத்துல பெத்தவங்களை இப்படித் தனியா உட்கார வச்சிட்டுப் போயிருக்கியே, உனக்கு அறிவு இருக்கா? உன் போன் மணி அடிக்கல. இந்த லெட்டரை உம்மா கையிலதான் குடுக்கறேன். அனுப்பறேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. வாங்கி மடியில வச்சிக்கறேன்னாங்க.

உனக்குள்ள ஒருத்தன் இருக்கான்னு எழுதினியே. இருந்தா இருந்துட்டுப் போறான்டா. உன்னை எடுக்கலன்னு அந்த கோச் சொன்னப்போ எனக்கு முதல்ல இன்னா தோணுச்சு தெரியுமா? அப்பாடா, நம்மளை எடுப்பாங்கன்னு தோணுச்சு. அப்புறம்தான் காது அடைச்சுது. அதை நான் உனக்கு எழுதல. நீ எல்லாத்தையும் எழுதிட்டே, நான் அதை மறைச்சிட்டேன். இப்ப எழுதிட்டேன். சரிக்குச் சரியாப் போச்சா?

நோன்பு திறக்க பாங்கு சொல்லிட்டாங்க. உம்மா கஞ்சி ஊத்தி, பழக்கத்துல உனக்கும் எனக்கும்னு ரெண்டு குவளையா எடுத்துக்கினு வந்துட்டாங்க. அப்புறம்தான் அவங்களுக்கே உறைச்சிருக்கு. ஒண்ணை என்கிட்ட குடுத்துட்டு, இன்னொண்ணைக் கையில வச்சிக்கினு அப்படியே நிக்கறாங்க.

எனக்கு ஏழு மணி பஸ். ஊரை விட்டுப் போனவன் நான்டா. எனக்கு ஏரியில இடம் இருக்கு, கரையில எங்க நைனா இருக்கார், உம்மா எனக்குக் கஞ்சி ஊத்தறாங்க. நீ எங்கடா இருக்கே?

அஜித்து